ஆற்றுக்குள் ஒரு சுயாட்சி மாநாடு

மாநில சுயாட்சி மாநாட்டை ஆற்றுக்குள் நடத்தலாம் என்று முடிவெடுத்தவர்களுக்குப் புத்தி பிசகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் செம்பியன்கரையில் கோடை வந்துவிட்டால் எல்லாமே ஆற்றுக்குள்தான். மேட்டூரை மூடியதும் நல்லாறு வெறும் மணலாகிவிடும். மாட்டுச்சந்தை கூடுவது அங்கே, சர்க்கஸ் கூடாரம் போடுவது அங்கே, கல்யாணத்துக்கு வந்த கூட்டம் படுத்துத் தூங்குவதும் அங்கேதான். தண்ணீர் வருகிறது என்று தண்டோரா போட்டால் அவரவர் தட்டுமுட்டைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். ஆறு வந்தால் மனிதன் ஒதுங்க வேண்டும். இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், முதல் தடவையாக மனிதன் ஒதுங்க மாட்டேன் என்றான். ஆற்றை நிறுத்திவைத்தான்.

நான் யூனுஸ். கடைத்தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். வேதாரண்யம் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. எல்லாக் கட்சிக்கும் நான்தான் மைக் செட். காலையில் ஒரு கட்சிக்காரர் மற்றவரின் பரம்பரையை இழுத்துப் பேசுவார். மாலையில் அந்த மற்றவர் வந்து பதில் சொல்வார். இரண்டையும் ஒரே மைக்கில் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அதனால் எந்தப் பேச்சிலும் சீக்கிரத்தில் மயங்கமாட்டேன்.

ஆனால் சுயாட்சி விஷயத்தில் மயங்கினேன். பொய் சொல்வானேன். ஆறு பிறந்து வருகிற மேல்கரை ராஜ்யத்துக்காரன் அணைமேல் அணையாகக் கட்டுகிறான். ஐம்பது வருஷ ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. டெல்லியோ வாயைத் திறக்கவில்லை. எங்கள் தண்ணீருக்கு எங்களால் ஒரு வார்த்தை பேச முடியாது என்றால் அது என்ன பிழைப்பு? ஜென்மப் பகையாளிகளான மூன்று கட்சிகள் இதற்காக ஒன்று சேருகின்றன என்றதும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வாடகையில் பாதிதான் வாங்குவேன் என்று நானே போய்ச் சொன்னேன்.

மூன்று கட்சிக்கும் உள்ளூரில் மூன்று பேர். ஆளுங்கட்சிக்குப் பஞ்சநாதன். ஒன்றியப் பெருந்தலைவர். நல்லாற்றின் இரண்டு கரையிலும் நிலம் உள்ளவர். லீக்குக்கு மீரா உசேன் நானா. ரைஸ் மில் முதலாளி, எனக்குப் பெரியத்தா மகன், அண்ணன் முறை. சிவப்புக் கொடிக்கு ரெத்தினம். குத்தகைக்காரர்களையும் கூலிக்காரர்களையும் திரட்டிப் பஞ்சநாதனோடு மல்லுக்கு நின்றவர். இந்த மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்க்கக் கடைத்தெருவே நானாவின் மில் வாசலில் கூடியது.

உட்கார்ந்தார்களே தவிர, இடம் எது என்பதில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கோயில் திடல் என்றதும் நானாவுக்குச் சங்கடம். பள்ளிவாசல் மைதானம் என்றதும் பஞ்சநாதன் கழுத்தைத் தடவினார். பஞ்சநாதனின் நெல் களம் என்றதும் ரெத்தினம் எழுந்து நின்றுவிட்டார். மிராசுதார் களத்தில் எங்கள் கொடி ஏறாது என்றார். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஒன்று அகப்பட்டது. அது ஆறு. எல்லோருக்கும் பரம திருப்தி. மணலில் பெரிய பந்தல் போட்டு, கோட்டை மாதிரி முகப்பும் கட்டினார்கள்.

சென்னையிலிருந்து வர வேண்டிய பேச்சாளருக்குத் தேதி ஒத்துவரவில்லை. மாநாடு தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. அதற்குள் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். பெரிய ஆற்றில் தண்ணீர் வந்து, நல்லாறு பிரிகிற தலைப்பில் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே இரும்புப் பலகைகள் போட்ட மதகு இருக்கிறது. அதை எங்கள் பக்கம் சட்ரஸ் என்போம். அதைத் திறந்தால்தான் தண்ணீர் செம்பியன்கரையைத் தாண்டி, கிழக்கே தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையான கீழப்பாதிக்குப் போகும். அதைத் திறக்கவில்லை. மாநாடு முடிகிறவரை பலகையை ஏற்ற வேண்டாம் என்று பஞ்சநாதன், மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பக்கிரியிடம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். மற்ற இரண்டு கட்சியும் தலையாட்டின.

மூன்று கட்சிகளும் எந்தச் சண்டையும் இல்லாமல், ஒரு நொடியில், ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

எல்லையம்மாள் மில்லுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். எத்தனை ஸ்பீக்கர், எங்கெங்கே கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். கீழப்பாதியில் பஞ்சநாதனுக்குச் சொந்தமான நிலம் ஒன்று அவள் குத்தகையில் இருந்தது. அந்தக் குத்தகைக்காக நடந்த சண்டையில்தான் அவள் புருஷன் மாரியப்பன் தலையில் அடிபட்டான். அடுத்த தை மாதத்தை அவன் பார்க்கவில்லை. அவன் போன பிறகு அவள் பெயரில் குத்தகையைப் பதிய வைக்க, தாலுகா ஆபீஸுக்கு அவளோடு நடையாய் நடந்தவர் ரெத்தினம். பஞ்சநாதன் அதை மறக்கவில்லை. ஒரு போகம் அந்த நிலம் தரிசாகக் கிடந்தால் போதும், இவள் பயிர் வைப்பதில்லை என்று மனுப் போட்டு நிலத்தைப் பிடுங்கிவிடலாம் என்று காத்திருந்தார். ஊருக்கே இது தெரியும்.

எல்லையம்மாள் வாசல்படிக்கு வெளியேதான் நின்றாள்.

"ஐயா, சட்ரஸத் தொறக்கச் சொல்லுங்க. நாத்து முளைச்சு நிக்கிது. குட்டைத் தண்ணியச் சொமந்து சொமந்து ஊத்துனோம். குட்டையும் காஞ்சு போச்சு. நாத்து நுனி கருகுதுங்க."

பஞ்சநாதன் குரலில் தேன் ஒழுகியது. "மாநாடு முடியட்டும் எல்லையம்மா. நாங்க என்ன எங்க வீட்டுக்கா பேசுறோம்? டெல்லிக்கிட்டேருந்து அதிகாரம் வந்துச்சுன்னா மொத லாபம் ஒங்க கடைமடைக்குத்தான்."

"அது வர்றப்ப வரட்டுங்க. இந்தத் தண்ணி வந்து வாசல்ல நிக்கிதே."

அவள் ரெத்தினத்தைப் பார்த்தாள். "தோழர், நீங்க சொல்லுங்க."

ரெத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். "அக்கா, மூணு கட்சியும் ஒண்ணா ஒக்காந்ததே பெரும்பாடு. இப்பப் போயி ஒரு சின்ன வெவகாரத்த வச்சு இந்த ஒத்துமைய ஒடச்சிடக் கூடாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சநாதன் சொன்னதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவர் அப்படித்தான் சொல்வார். இந்த மனிதர், அந்தப் பெண்ணோடு தாலுகா ஆபீஸ் வெயிலில் நின்றவர், அவள் நாற்றைப் பார்த்துச் சின்ன விவகாரம் என்கிறாரே.

"நானா, பந்தலப் பிரிச்சுக் கரையில போட ஒரு பகல் போதும்ல?" என்று நான் கேட்டேன்.

"நீ ஒன் ஒயரப் பாரு" என்றார் மீரா உசேன்.

"ஆமா யூனுஸ்," என்றார் பஞ்சநாதன், "கீழப்பாதி வரைக்கும் ஸ்பீக்கர் கட்டிடு. அவங்களும் கேக்கணும்ல. கடைமடைய நாம விட்டுட்டோம்னு பேர் வரக் கூடாது."

எல்லையம்மாள் திரும்பிப் போனாள்.

சொன்னபடி கட்டினேன். ஆற்றங்கரைத் தென்னைகளில் ஒயரை ஓட்டிக்கொண்டே போய், கடைசி ஸ்பீக்கரை அவள் நாற்றங்காலை ஒட்டிய மரத்தில் கட்டினேன். மரத்தின் மேலிருந்து பார்த்தால் கீழப்பாதி முழுவதும் தெரிந்தது. வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. நடுவில் அவள் நாற்றங்கால் மட்டும் பாதி பச்சை, பாதி மஞ்சள். அவள் ஒரு மண்குடத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்த தண்ணீரைக் கையால் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயல் பெண்களும் அப்படித்தான். பயிருக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ச்சல்காரக் குழந்தையின் உதட்டை நனைப்பது போல இருக்கும்.

"பாய், இது என்னத்துக்கு?" என்று அண்ணாந்து கேட்டாள்.

"பேச்சு கேக்கும் அக்கா."

"பேச்சு இம்புட்டுத் தூரம் வருமா?"

"வரும்."

"அப்பத் தண்ணியும் வரும்" என்றாள். கோபமாகச் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொல்லிக்கொண்டாளா என்று எனக்குப் புரியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

மாநாடு மதியம் தொடங்கியது. குறை சொல்ல முடியாத கூட்டம். ஒரத்தநாடு, பூதலூர் பக்கத்திலிருந்துகூட லாரியில் வந்திருந்தார்கள். மூன்று கொடியும் ஒரே கம்பத்தில் பறந்தன. மாலை தொடங்கும் நேரத்தில் ரெத்தினம் பேசினார். அந்த மனிதருக்கு மைக் முன்னால் ஒரு வசியம் உண்டு. மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். போகப்போகக் குரலில் சூடு ஏறும்.

"நம் வயல் காய்கிறது. நம் தண்ணீர் மதகுக்குப் பின்னால் நிற்கிறது. மதகின் சாவியோ, நம் வயலை ஒரு நாளும் பார்க்காதவன் கையில் இருக்கிறது. தோழர்களே, தாய்மார்களே, நான் கேட்கிறேன். தண்ணீர் யாருக்கு வேண்டுமோ, சாவி அவர்கள் கையில்தானே இருக்க வேண்டும்? எத்தனை நாளைக்குக் கேட்டுக்கொண்டே நிற்பது? கேட்டால் தரமாட்டான். போய் எடுத்துக்கொள்ள வேண்டும்."

கூட்டம் கைதட்டியது. பஞ்சநாதன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு துப்ப முடியாது. மேற்கே ஒரு மைல் தூரத்தில் சட்ரஸ். அதன் சாவி இதே மேடையில், இந்த மூன்று பேர் வாய்ச்சொல்லில் இருக்கிறது. அது ஒருவர் மனதுக்கும் உறைக்கவில்லையே. டெல்லி என்றால் தெரிகிறது, தன் கை தெரியவில்லை.

சென்னைப் பேச்சாளர் மேடையேறி, மாலை மரியாதை முடிந்து, தொண்டையைச் செருமுகிற நேரத்தில் கிழக்கேயிருந்து கரைமேல் பெண்கள் வரிசையாக வருவது தெரிந்தது. முன்னால் எல்லையம்மாள். மேடையில் இருந்தவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மீரா உசேன் நானா மைக்கைப் பிடித்தார். "இதோ, கடைமடைத் தாய்மார்கள் பேரணியாக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வழி விடுங்கள்" என்றார். கூட்டம் எழுந்து கைதட்டியது.

பெண்கள் மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையோடு அப்படியே மேற்கே நடந்தார்கள். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. நானா மைக்கைப் பிடித்தபடியே வாய் பிளந்து நின்றார். கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கைச் சென்னைப் பேச்சாளரிடம் கொடுத்தார், அவர் பேச ஆரம்பித்தார்.

சட்ரஸில் நடந்ததைப் பக்கிரி பிறகு என்னிடம் சொன்னார். பலகையை ஏற்றும் இரும்புத் திருகு, அதாவது மதகின் சாவி, அவர் மடியில் இருந்தது. "ஆர்டர் இல்லாமத் தொறக்க முடியாதும்மா" என்றிருக்கிறார். "சாத்தச் சொல்லி ஆர்டர் இருக்கா?" என்று எல்லையம்மாள் கேட்டிருக்கிறாள். இல்லை. ஆள் வந்து சொன்னான், அவ்வளவுதான். பக்கிரி அவர்கள் முகங்களைப் பார்த்திருக்கிறார். திருகைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, எனக்கு டீ குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண்கள் மாறி மாறித் திருகினார்கள்.

தண்ணீர் வெள்ளமாக வந்து எல்லோரையும் அடித்துக்கொண்டு போயிற்று என்று பிறகு பேப்பரில் எழுதினார்கள். சுத்தப் பொய். காய்ந்த மணலில் புதுத் தண்ணீர் அப்படி வராது. நுரையும் சருகுமாக, மணலைக் குடிக்கவிட்டு, நின்று நின்று வரும். குழந்தைகூட அதற்கு முன்னால் நடந்து போகலாம். பந்தலின் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு கிழவர் எழுந்து செருப்பைக் கழற்றினார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்தவரும் எழுந்தார். யாரோ கொடிக்கம்பத்து மாலையிலிருந்து பூவைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார்கள்.

"தண்ணி வந்துருச்சு" என்று ஒருவர் சொன்னார். கூச்சல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்து விவசாயி அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு ஒரு நிமிஷம் உட்காரமாட்டான். அவன் மடை அடைத்துக் கிடக்கிறதோ, வரப்பு உடைந்து கிடக்கிறதோ. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டம் நான்கு திசையிலும் கரையேறியது. சென்னைப் பேச்சாளர் பேச்சின் உச்சத்துக்கு வந்து "டெல்லியே கேள்" என்று முழங்கியபோது அவருக்கு எதிரே நாற்காலிகளும் தண்ணீரும்தான் இருந்தன. நான் ஒயரைப் பிடுங்குவதற்குள் ஆம்ப்ளிஃபையரின் அடி நனைந்துவிட்டது.

மறுநாள் நனைந்த பெட்டியை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். ஒன்றாக, ஒரே காரில். எல்லையம்மாளைப் போலீஸ் காலையிலேயே பிடித்துப் போயிருந்தது. பந்தலைப் பிரிக்க வேண்டும் என்று சட்ரஸை மறுபடியும் அடைத்தும் ஆகிவிட்டது. ஆனால் இரவெல்லாம் ஓடிய தண்ணீர் கீழப்பாதிக்குப் போய்ச் சேர்ந்து, குட்டையும் நாற்றங்காலும் நிறைந்துவிட்டன.

"மாநாட்டுல நஷ்டப்பட்டவன் நீதான்" என்றார் நானா. "நீ ஒரு புகார் குடுத்தா கேஸ் பலமா நிக்கும்."

"நனைஞ்சது எம் பொட்டி நானா. பொட்டிய ஆத்துக்குள்ள கொண்டு வச்சவங்க மேல வேணும்னா புகார் எழுதித் தரேன். மூணு பேர் பேரும் எனக்குத் தெரியும்."

பஞ்சநாதன் சிரித்தார். "யூனுஸ், இது கட்சி வெவகாரம் இல்ல. மாநில உரிமைக்கு வந்த அவமானம்."

"அந்த உரிமைப் பேச்சக் கீழப்பாதி வரைக்கும் ஸ்பீக்கர் கட்டிக் கேக்க வைக்கச் சொன்னது நீங்கதானே? அவ கேட்டா. போயி எடுத்துக்கிட்டா."

ரெத்தினம் என் கடை வாசல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்க தோழர்" என்றேன், எல்லையம்மாள் கேட்ட அதே மாதிரி. அவர் காருக்குப் போய்விட்டார். என் புகார் இல்லாமலே வழக்குப் போட்டார்கள். அரசுச் சொத்தில் கைவைத்தாள், பொதுக்கூட்டத்தைக் கலைத்தாள். திருகிய கைகள் பல. ஆனால் போலீஸுக்கு எழுதிக்கொடுத்தது ஒரு பெயர்தான். அந்த மனுவில் மூன்று கட்சிக்காரர்களும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லையம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலில் நல்லாற்றுச் சேறு காய்ந்திருந்தது. மூன்று கட்சிக்காரர்களும் நாற்காலியில் இருந்தார்கள்.

"யாரு தூண்டிவிட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்பீக்கர்ல சொன்னாங்க ஐயா."

"யாரு சொன்னா?"

"ரெத்தினம் தோழருங்க. தண்ணி வேணும்னா நீங்களே போயி சாவிய எடுத்துக்குங்கன்னு சொன்னாங்க."

ரெத்தினம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அக்கா, நான் டெல்லியச் சொன்னேன்" என்றார்.

எல்லையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு டெல்லி தெரியாதுங்க தோழர். சட்ரஸ்தான் தெரியும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவள் சொன்னதை அவர் எழுதவில்லை.

பந்தலைப் பிரித்து முடித்ததும் சட்ரஸைத் திறந்துவிட்டார்கள். எல்லையம்மாள் ஜாமீனில் வந்து நாற்றைப் பறித்து நட்டாள். அறுத்தாள். குத்தகை நெல்லைப் பஞ்சநாதன் வீட்டு வாசலில் ஊரறிய அளந்து போட்டாள். நிலம் அவளிடமே இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு நீண்டது. நடவு நாளில் ஒரு வாய்தா, களையெடுப்பு நாளில் ஒரு வாய்தா. தேதியைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

எமர்ஜென்சி வந்தது. ஒரு நாள் டெல்லி ஒரே உத்தரவில் எங்கள் ஆட்சியைக் கலைத்துவிட்டது. மேடையில் பேசியதெல்லாம் சரிதான். டெல்லி நினைத்தால் எங்களை ஊதித் தள்ளிவிடும் என்று சொன்னார்கள், தள்ளிவிட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ரெத்தினத்தைப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். பஞ்சநாதன் கரை வேட்டியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு வெள்ளை வேட்டியில் கலெக்டரைப் பார்க்கப் போனார்.

அந்த வாரமே எல்லையம்மாளுக்கு வாய்தா. நானும் போயிருந்தேன். கோர்ட்டு வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தோழருக்கு உள்ள சோறு ஒழுங்காப் போடுறாங்களா பாய்?" என்று முதலில் கேட்டாள். போடுவார்கள் என்றேன். பிறகு அடுத்ததைக் கேட்டாள். "ஆட்சியே போயிருச்சுங்கறாங்க. அப்ப எம்மேல கேஸ் போட்டது யாரு இப்ப?"

"அரசு" என்றேன்.

"அதத்தான் கலைச்சுட்டாங்களே."

உள்ளே இருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். ஓர் ஆட்சியையே ஒரே கையெழுத்தில் கலைக்க முடிந்தது டெல்லிக்கு. இவள் மேலிருந்த வழக்கைக் கலைக்க வேண்டும் என்று டெல்லிக்கும் தோன்றவில்லை, கலைந்து போனவர்களுக்கும் தோன்றவில்லை.